திருப்பி எழுதிய பெயர்

பிட்ஸ்பர்க், 1910 பிப்ரவரி 11

மதிப்பிற்குரிய அம்ப்ருஷ் பாலிந்த்நே அம்மாள் அவர்களுக்கு,

'மணியோசை' ஹங்கேரியர் சகோதர சங்கத்தின் வழக்கறிஞர் என்ற முறையில் ஒரு துயரச் செய்தியைத் தெரிவிக்க வேண்டியிருக்கிறது. கடந்த டிசம்பரில் ஹேசல் ரன் நிலக்கரிச் சுரங்கத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் தங்கள் கணவர் அம்ப்ருஷ் பாலிந்த் உயிரிழந்தார். சங்கக் கொடி முன்னே செல்ல, முறைப்படி நல்லடக்கம் செய்யப்பட்டது.

உறுப்பினரின் விதவைக்குச் சங்கம் செய்யவேண்டிய கடமைகள் இருக்கின்றன. அவற்றைத் தொடங்கத் தங்கள் திருமணப் பதிவின் நகல் ஒன்று தேவை. ஊர்ப் போதகரிடம் பெற்று அனுப்பி வையுங்கள்.

அடக்கத்திற்கு நானும் போயிருந்தேன். அது என் வேலையில் சேர்ந்தது இல்லை. அன்று ஆள் குறைவு, பெட்டியைத் தூக்க இன்னொரு கை வேண்டியிருந்தது, நான் பிடித்துக்கொண்டேன். தங்களுக்கு இது தெரிந்திருக்கட்டும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

ஆழ்ந்த அனுதாபங்களுடன்,
டாக்டர் கார்மான் எலெக்


ஹோமோக்ஸெக், 1910 மார்ச் 6

வக்கீல் ஐயாவுக்கு, பாலிந்த் அம்ப்ருஷ்நே எழுதுவது.

உங்கள் கடிதம் எனக்கு வந்தது. ஆனால் எனக்கு எழுதியது இல்லை. எங்கள் ஊரில் அம்ப்ருஷ் பாலிந்த்நே என்று ஒருத்தியும் கிடையாது. தபால்காரர் சோர்பா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, அமெரிக்காவுல எல்லாத்தையும் தலைகீழாத்தான் செய்வாங்களாம். இது உனக்குத்தான், புடி" என்று கையில் திணித்துவிட்டுப் போனார்.

வாசலில் நின்றபடியே படித்தேன். படித்து முடிப்பதற்குள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது. அதைத் துடைத்தேன். துடைத்துவிட்டு மறுபடியும் படித்தேன். அப்போதுதான் பெயர் கண்ணில் பட்டது.

ஐயா, நீங்களும் ஹங்கேரிக்காரர்தானே. நமக்குக் குடும்பப் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால் என்பது கப்பல் ஏறினதும் மறந்துபோகுமா? என் வீட்டுக்காரர் பாலிந்த் குடும்பத்தார். அவர் பெயர் அம்ப்ருஷ். கல்யாணமான அன்றிலிருந்து எனக்கும் அதுதான் பெயர், இன்னாருடைய மனைவி என்று வாலில் ஒட்டிய 'நே' மட்டும் என்னுடையது. நீங்கள் ஒரே உறையில் என்னை வேறு எவனுக்கோ கட்டிவைத்து, அவனைக் கொன்று, என்னை விதவையும் ஆக்கிவிட்டீர்கள்.

இதைச் சிரிக்க எழுதவில்லை. அவர் கடைசியாக எழுதிய கடிதத்தில், தங்கியிருக்கும் வீட்டில் அம்ப்ருஷ் பாலிந்த் என்று இன்னொருத்தர் இருப்பதாக எழுதியிருந்தார். "யாராவது கூப்பிட்டால் இரண்டு பேருமே திரும்புகிறோம். சோறு போடுகிற வீட்டுக்காரம்மா என்னை 'முன் பாலிந்த்' என்கிறாள், அவனை 'பின் பாலிந்த்' என்கிறாள்" என்று. அது போன கிறிஸ்துமஸுக்கு முந்தின கிறிஸ்துமஸ். அதற்குப் பிறகு அவரிடமிருந்து கடிதம் இல்லை.

ஆக, நீங்கள் தூக்கிய பெட்டியில் இருந்தது யார்? முன்னவரா, பின்னவரா?

போதகர் சாவு மணி அடிக்கச் சொல்லட்டுமா என்று கேட்டு ஆள் அனுப்பினார். நாத்தனார் கறுப்புத் துணியோடு வந்து நின்றாள். "அண்ணி, கட்டிக்கோ. ஊரு பாக்குது" என்றாள். "பேரு சரியா வரட்டும், கட்டிக்கறேன்" என்றேன். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை.

கல்யாணப் பதிவு நகலை அனுப்ப மாட்டேன். அதை அனுப்பினால் அவர் செத்தார் என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகும்.

பாலிந்த் அம்ப்ருஷ்நே


பிட்ஸ்பர்க், 1910 ஏப்ரல் 2

மதிப்பிற்குரிய பாலிந்த் அம்ப்ருஷ்நே அம்மாளுக்கு,

என்னை நன்றாகத் திட்டியிருக்கிறீர்கள். வேண்டியதுதான்.

நடந்தது இதுதான். சுரங்கக் கம்பெனி கொடுத்த பட்டியலில் இறந்தவர் பெயர் 'பாலிந்த் அம்ப்ருஷ்' என்று இருந்தது. சங்கப் பதிவேட்டிலும் அதே எழுத்தில் ஒரு பெயர் இருந்தது, பக்கத்தில் உங்கள் முகவரி. எடுத்துக்கொண்டேன். பிறகு கடிதம் எழுதும்போது, கம்பெனிக்காரர்கள் சொந்தப் பெயரைத்தானே முன்னால் போடுவார்கள் என்று நினைவு வந்து, நம் வழக்கத்துக்குத் திருப்பி எழுதினேன். முகவரியை எடுத்தபோது திருப்பவில்லை, பெயரை எழுதும்போது திருப்பினேன். பதினான்கு வருடம் இங்கே இருந்தால் கை இப்படித்தான் ஆகிவிடுகிறது. கோர்ட்டில் என் சொந்தப் பெயரையே குடும்பப் பெயராக்கி 'மிஸ்டர் எலெக்' என்று கூப்பிடுகிறார்கள். நானும் எழுந்து நிற்கிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்த வாரமே ஹேசல் ரன் போனேன். சுரங்க மேஸ்திரி ஐரிஷ்காரர். அவரிடம், பட்டியலில் பெயரை எந்த முறையில் எழுதுவீர்கள் என்று கேட்டேன்.

"உங்க ஆளுங்க பேரை எந்தப் பக்கத்துலேர்ந்து படிச்சாலும் ஒண்ணுதான். எழுதறவன் எப்படிக் கேட்டானோ அப்படி எழுதுவான்" என்றார். "ரெண்டு பேரு இருந்தாங்க. ஒருத்தன் செத்தான், ஒருத்தன் ஓடிட்டான். இதுல உனக்கு என்ன கொறை?"

சோறு போடுகிற சிமர்நே அம்மாவையும் பார்த்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஒருத்தன் திரும்பி வந்திருக்கான் ஐயா. நான் பாக்கல. ஊரே சுரங்கத்து வாசல்லதான் நின்னுச்சு, நானும் அங்கதான் நின்னேன். வீட்டுக்கு வந்து பாத்தா கட்டிலுக்கு அடியில ஒரு பெட்டிய காணோம்." எந்தப் பெட்டி என்றேன். "ரெண்டும் ஒரே கடையில வாங்கினது" என்றார். மீந்த பெட்டியில் இருந்த துணிமணியை மற்ற ஆட்கள் ஏற்கெனவே பங்கு போட்டுக்கொண்டுவிட்டார்கள்.

முகம் பார்த்து அடையாளம் சொல்லும் நிலையில் உடல் இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மன்னியுங்கள்.

ஆகவே ஒருவர் உயிரோடு இருக்கிறார். அவரைத் தேடப்போகிறேன். சங்கத்திற்கு நாலு மாநிலங்களில் கிளை உண்டு, ஹங்கேரிக்காரன் எங்கே போனாலும் ஏதாவது ஒரு கிளையின் வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். உங்கள் கணவரை எப்படி அடையாளம் கண்டுகொள்வது என்று எழுதுங்கள்.

கார்மான் எலெக்


ஹோமோக்ஸெக், 1910 ஏப்ரல் 27

வக்கீல் ஐயாவுக்கு,

அடையாளம் கேட்டீர்கள். மூன்று நாளாக யோசிக்கிறேன். எட்டு வருடம் கூட இருந்தவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால், எல்லாரையும் போல இரண்டு கை, இரண்டு கால், ஒரு மீசை என்றுதான் வருகிறது.

இடது கைப் பழக்கம். அவருக்கென்று கொல்லனிடம் தனியாக அரிவாள் செய்யவேண்டியிருந்தது. அறுவடையில் வரிசையில் நிற்கும்போது அவர் பக்கத்தில் யாரும் நிற்கமாட்டார்கள், காலை வெட்டிவிடுவாராம். அதனால் எப்போதும் கடைசி ஆள். குதிரையைக் கண்டால் பயம், ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டார். சாப்பிடும்போது வாய்க்குள் ஏதோ பாடுவார், என்ன பாட்டு என்று கேட்டால் பாடவே இல்லை என்பார். சின்னச் சின்னதாகப் பொய் சொல்வார். பெரிய பொய் சொன்னதில்லை, அல்லது நான் கண்டுபிடித்ததில்லை.

இங்கே என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன், உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது. எங்கள் சர்ச்சில் இடம் வகுத்துத்தான் உட்காருவோம். கல்யாணமானவர்கள் நடுப் பெஞ்சில், விதவைகள் வடக்குச் சுவரோரம். ஒரு ஞாயிறு நான் வழக்கமான இடத்துக்குப் போனேன். பக்கத்தில் இருந்தவர்கள் பாவாடையை இழுத்து ஒடுக்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு வடக்குப் பக்கம் போனேன். அங்கே கிழவி போக்நே, "உன் புருஷன் செத்தாச்சா இல்லையா? முடிவு பண்ணிட்டு வா" என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவளுக்கு அது சந்தேகம்.

இப்போது பின்னால் கதவோரம் நிற்கிறேன். பிச்சைக்காரர்களும் வெளியூர்க்காரர்களும் நிற்கிற இடம்.

அவர் செத்திருந்தால் அழுவேன். உயிரோடு இருந்தால் திட்டுவேன். இரண்டுக்கும் தயாராகத்தான் இருக்கிறேன். நடுவில் நிற்கத்தான் முடியவில்லை. கண்டுபிடித்துச் சொல்லுங்கள் ஐயா, எதுவாக இருந்தாலும்.

நீங்கள் இரவில் தனியாகச் சாப்பிடுகிறவராக இருக்கவேண்டும். வீட்டில் ஆள் இருக்கிறவர் இவ்வளவு நீளமாக ஊர்பேர் தெரியாதவளுக்கு எழுதமாட்டார்.

பாலிந்த் அம்ப்ருஷ்நே


பிட்ஸ்பர்க், 1910 ஆகஸ்ட் 20

அன்புள்ள அம்மா,

ஆமாம், தனியாகத்தான் சாப்பிடுகிறேன். மூலையில் ஒரு ஜெர்மன்காரர் கடை. நான் உள்ளே நுழைந்ததுமே கேட்காமல் பீன்ஸ் சூப்பைக் கொண்டுவந்து வைக்கிறார். அதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு இல்லை.

சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன். மேற்கு வர்ஜீனியாவில் ஒரு சுரங்கத்தில் இருக்கிறார். போய்ப் பார்த்தேன். அவர் உங்கள் கணவர் இல்லை. பின் பாலிந்த்தான், அம்ப்ருஷ் குடும்பத்தைச் சேர்ந்தவர். விபத்தில் பயந்துபோய் ஓடியிருக்கிறார். வலது கையால்தான் கரண்டியைப் பிடித்தார், சாப்பிடும்போது பாடவில்லை. சுரங்கத்தில் வண்டி இழுக்கிற குதிரைகளோடு சகஜமாக இருக்கிறார்.

ஆகவே ஹேசல் ரன்னில் இருப்பது உங்கள் கணவர்தான். நல்ல இடம், மேட்டு நிலம், தண்ணீர் தேங்காது. இனி உங்கள் போதகர் மணி அடிக்கலாம். நீங்களும் கதவோரம் நிற்கவேண்டாம்.

இதைவிட நல்ல செய்தி எழுத ஆசைப்பட்டேன். மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள், லீதி அம்மா. உங்களுக்கு இன்னும் வயது இருக்கிறது.

கார்மான் எலெக்


ஹோமோக்ஸெக், 1910 செப்டம்பர் 14

வக்கீல் ஐயா,

என் பெயர் உங்களுக்கு எப்படித் தெரியும்?

நான் உங்களுக்கு எழுதிய கடிதம் எல்லாவற்றிலும் பாலிந்த் அம்ப்ருஷ்நே என்றுதான் கையெழுத்துப் போட்டேன். கல்யாணப் பதிவை அனுப்பவில்லை. உங்கள் சங்கத்துப் பதிவேட்டிலும் நான் 'நே'தான். எங்கள் ஊரிலேயே என் பெயர் லீதியா என்பது பாதிப் பேருக்கு மறந்துவிட்டது. லீதி என்று என்னைக் கூப்பிட்டது என் அம்மா, அவள் இல்லை. இன்னொருத்தர் அவர்.

வரப்பில் நின்றுகொண்டு கூப்பிடுவார். கடைசி எழுத்தை இழுப்பார்.

குதிரையோடு சகஜம் என்று எழுதும்போது உங்களுக்கே சிரிப்பு வரவில்லையா? பொய் சொன்னால் ஒன்று போதும் ஐயா. மூன்று சொன்னீர்கள்.

வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு, அவர் உயிரோடு இருக்கிறார் என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். கோழிக்குத் தீனி போடப் போகிற வரைக்கும் இருந்தது. போகும் வழியிலேயே, அப்படியானால் வக்கீலைப் பொய் சொல்லச் சொன்னது யார் என்று கேள்வி வந்துவிட்டது.

உண்மையை எழுதுங்கள். என்னைப் பாதுகாக்க வேண்டாம். அதை நான் கேட்கவில்லை.

பா. அ. நே


பிட்ஸ்பர்க், 1910 அக்டோபர் 9

அன்புள்ள அம்மா,

அவர்தான்.

இடது கையால் சாப்பிட்டார். பாடினார். நான் சங்கத்து வக்கீல் என்று சொன்னதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "லீதி அனுப்பினாளா?" என்றார். அந்தப் பெயர் என் காதில் அப்படி விழுந்து, ரயிலில் வரும் வழியெல்லாம் கூடவே வந்து, கடிதத்தில் கை தவறி விழுந்துவிட்டது.

அவர் சொன்னதை எழுதுகிறேன். அன்று காலை மேஸ்திரி ஒரு பெயரைக் கூப்பிட்டிருக்கிறார், கீழே இறங்க ஒரு ஆள் போதும் என்று. இரண்டு பேருமே திரும்பினார்கள். "அவன் என்னைப் பாத்தான். நான் பூட்ஸ் கயிறு கட்டற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன் ஐயா. அவன் சிரிச்சுக்கிட்டே, 'சரி, இன்னிக்கு நான்தான் போல'ன்னு எறங்கிட்டான். கூப்பிட்டது என்னைத்தான்னு எனக்குத் தெரியும்."

நான் ஊருக்குக் கடிதம் எழுதச் சொன்னேன். "எந்தப் பேர்ல எழுத? செத்தவன் பேர்லயா?" என்றார். பிறகு, "நான் செத்துட்டேன்னே இருக்கட்டும். அவளுக்கு அதுதான் நல்லது. நீங்க எனக்கும்தான வக்கீல்? சங்கத்துல நானும்தான் இருக்கேன்" என்றார்.

அதுதான் என் வாயைக் கட்டியது. உறுப்பினர் ரகசியமாகச் சொன்னதை வெளியே சொன்னால் சங்கம் என்னை வைத்துக்கொள்ளாது. வைத்துக்கொள்ளவும் கூடாது. ஆனால் அதுமட்டும்தான் காரணம் என்று சொன்னால் அது நாலாவது பொய். விதவையாகிவிட்டால் உங்களுக்கு உட்கார ஒரு இடமாவது கிடைக்கும் என்று நினைத்தேன். உங்களுக்காக நானே முடிவு செய்தேன். அதற்கு எனக்கு உரிமை இல்லை.

இப்போது சட்டம் சொல்கிறேன். விட்டுவிட்டுப் போன கணவனைத் திரும்பி வந்து குடும்பம் நடத்தும்படி உங்கள் ஊர்க் கோர்ட் உத்தரவிடலாம். வராவிட்டால் உங்களுக்கு விவாகரத்து கிடைக்கும். அதற்கு அவர் முகவரி வேண்டும். இந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அதைப் பயன்படுத்தினால் என் வேலை போகும், அதைப்பற்றி யோசிக்காதீர்கள். விவாகரத்தானவளுக்கு உங்கள் சர்ச்சில் எந்தப் பெஞ்ச் என்று எனக்குத் தெரியவில்லை.

இறந்தவர் அம்ப்ருஷ் பாலிந்த். அவருக்கு யார் இருக்கிறார்கள் என்று விசாரித்தேன். பிறந்த ஊரிலிருந்து, அப்படி ஒரு வீடே இப்போது இல்லை என்று பதில் வந்தது.

உங்கள் முடிவுக்குக் காத்திருக்கிறேன். ஏழு மாதமாக உங்கள் கடிதம் வரும் நாட்களில் நான் சீக்கிரமே வீடு திரும்புகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதற்கு நீங்கள் பதில் சொல்லவேண்டியதில்லை.

எலெக்


ஹோமோக்ஸெக், 1910 நவம்பர் 6

எலெக் ஐயா,

உங்கள் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் வரையில் அந்தப் பூட்ஸ் கயிறுதான் கண்ணுக்குள் நின்றது. அவர் குனிவது எனக்குத் தெரியும். யாராவது ஒரு வேலைக்கு ஆள் தேடினால் இங்கேயும் அப்படித்தான் குனிவார்.

ஆனால் ஒன்றை நீங்கள் கவனிக்கவில்லை. வெடித்தது போன டிசம்பரில். அவர் கடிதம் நின்றது அதற்கு ஒரு வருடம் முன்னால். அந்த நெருப்பு அவருக்கு நல்ல சாக்கு. முதல் மாதம் கடிதம் வராதபோது தபாலைச் சொன்னேன், இரண்டாம் மாதம் கடலைச் சொன்னேன். அவரைச் சொல்ல எனக்கு இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது. நானும் குனிந்துகொண்டுதான் இருந்தேன்.

முகவரி இருந்த பக்கத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். படித்துவிட்டுத்தான் போட்டேன், படிக்கவில்லை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். வர மனமில்லாதவரைக் கோர்ட் சேவகனை வைத்து இழுத்துவந்து என்ன செய்வது? உங்கள் வேலையும் பத்திரம்.

போன வியாழக்கிழமை போதகரிடம் போனேன். உங்கள் முதல் கடிதத்தைக் கொடுத்து, மணி அடிக்கச் சொன்னேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டு, "பேரைத் திருப்பிப் போட்டுட்டாங்களே, நான் சரி பண்ணி வாசிக்கறேன்" என்றார்.

"வேண்டாம் ஐயா. எழுதியிருக்கறபடியே வாசிங்க" என்றேன்.

"பாலிந்த் அம்ப்ருஷ்தானேம்மா உன் புருஷன்?"

"அடக்கம் பண்ணினது இந்தப் பேர்லதான். அதே பேர்ல அடிங்க."

துக்கத்தில் மூளை கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பார். தலையாட்டினார். ஞாயிற்றுக்கிழமை ஊர் முழுக்கக் கூடியிருக்க, அமெரிக்க மண்ணில் அடங்கிய அம்ப்ருஷ் பாலிந்த் என்று வாசித்தார். ஆணுக்கு மூன்று முறை, மூன்று முறையும் அடித்தார்கள். நாத்தனார் என் தோளில் சாய்ந்து தேம்பினாள், அண்ணன் போய்விட்டான் என்று. அவளுக்கு உண்மையைச் சொல்ல வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

நானும் அழுதேன். நடிக்கவில்லை. 'இன்னிக்கு நான்தான் போல' என்று சிரித்துக்கொண்டே இறங்கிய அந்த மனுஷனுக்காக அழுதேன். அவருக்கு மனைவி இருந்திருந்தால் நீங்கள் முதல் உறையில் எழுதிய பெயர்தான் அவளுக்கும். அப்படி ஒருத்தி இல்லாததால், அந்த ஒரு நாளுக்கு நான் இருந்தேன்.

வடக்குச் சுவரோரம் எனக்கு இடம் கொடுத்துவிட்டார்கள். குளிர் கொஞ்சம் அதிகம். போக்நே தன் சால்வையில் பாதியை என் முழங்கால்மேல் போட்டாள்.

அவருக்கு ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள். இங்கே எல்லாம் ஒழுங்காக முடிந்தது, திரும்பி வரவேண்டாம் என்று. வேறு ஏதாவது கேட்டால், கேட்கமாட்டார், கேட்டால், திட்டவில்லை என்று சொல்லுங்கள்.

கல்லறைக் கல்லில் பெயரை நம் முறையில் வெட்டச் சொல்லுங்கள். கல் வெட்டுகிறவன் திருப்பிவிடாமல் பக்கத்திலேயே நில்லுங்கள்.

உங்களுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அந்த ஜெர்மன்காரரிடம் ஒரு நாளைக்காவது வேறு ஏதாவது கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். பேச்சு அப்படித்தான் ஆரம்பிக்கும்.

இதற்குப் பதில் எழுதாதீர்கள், ஐயா. ஊர் பேசும் என்பதற்காகச் சொல்லவில்லை, பேசினால் பேசட்டும். நீங்கள் எழுதினால் அடுத்த கடிதத்துக்கு நான் காத்திருக்க ஆரம்பித்துவிடுவேன். அது எனக்கு நன்றாகப் பழகிப்போயிருக்கிறது.

லீதியா